வைக்கோல் பெட்டியில் வெந்த கோழிக் குழம்பு

(இரண்டாம் ஆண்டு மாணவன், இளநிலை வேதியியல்)

‘ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காதா?’ என்று நம் பெரியோர் கேட்பார்கள். இப்பழமொழியைச் சொல்லும்போது எல்லோரும் ‘ஆற’ என்னும் சொல்லையே அழுத்திச் சொல்கிறார்கள். ஆக்குவதற்குப் பொறுத்தவர் யார், எவ்வளவு நேரம் பொறுத்தார், அந்நேரத்தில் அவருடைய வேறு எந்த வேலை நின்றுபோயிற்று என்று எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் இக்கட்டுரை பிறந்தது.

வேதியியல் படிக்கும் மாணவன் சமையலைப் பற்றி எழுதுவதா என்று நண்பர்கள் சிலர் நகைத்தனர். ஆய்வுக்கூடத்தில் நாம் பொருள்களைச் சேர்க்கிறோம், சூடேற்றுகிறோம், மாற்றத்துக்காகக் காத்திருக்கிறோம். அடுப்படியில் நம் தாய்மார் செய்வதும் இதையே. வேறுபாடு ஒன்றுதான். நாம் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறோம். அவர்கள் எழுதி வைப்பதில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே எங்கள் அடுப்படியைப் பற்றி எழுதும் கடமையும் என்னிடமே முதலில் வந்து சேர்ந்தது.

எங்கள் வீடும் எங்கள் அடுப்பும்

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் நோக்கி வரும் சாலையில் தேவர்குளத்தைத் தாண்டினால் பனவடலிசத்திரம் வரும். வடலி என்பது இளம்பனை. சத்திரம் என்பது வழிப்போக்கர் தங்கி உண்ணும் இடம். பனையும் சோறும் சேர்ந்த பெயர் எங்கள் ஊருக்கு. 2019-ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறோம். வானம் பார்த்த பூமி. ஆண்கள் கிடைத்த வேலைக்குப் போவார்கள். பெண்களில் பலர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றுவார்கள். என் அம்மாவும் பீடி சுற்றுகிறார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திராமல் இருக்கும் நேரந்தான் அவருக்கு வருமானம்.

எங்கள் வீட்டிலும் எரிவாயு அடுப்பு இருக்கிறது. காப்பி, சோறு, பருப்பு எல்லாம் அதிலேதான். ஆனால் கோழி அடிக்கும் நாளில் கொல்லையில் உள்ள விறகடுப்புக்கே போவோம். முட்டையிட்டு ஓய்ந்த நாட்டுக்கோழி இரண்டு, இரண்டரை மணி நேரம் வேக வேண்டும். அவ்வளவு நேரமும் எரிவாயுவை எரிக்க அம்மாவுக்கு மனம் வராது. உடைமரத்து விறகை உள்ளே தள்ளுவதும், தீயைத் தணிப்பதும், அடிப்பிடிக்கிறதா என்று கிண்டுவதுமாக அவர் திண்ணைக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருப்பார். “ஒரு கோழிக் குழம்புக்கு எனக்கு இருநூறு பீடி நட்டம்” என்று அவரே கணக்குச் சொல்வார். கண்களும் சிவந்திருக்கும். வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகை முதலிய மாசுகளால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. எங்கள் கொல்லையில் எழும் புகையும் அந்தக் கணக்கைச் சேர்ந்ததே.

அருகில் ஆள் இல்லாமல், தீயும் இல்லாமல், கிழட்டுக் கோழியை வேக வைக்க முடியுமா? இதுவே நான் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி.

கிழட்டுக் கோழி ஏன் வேகுவதில்லை?

கடையில் வாங்கும் பிராய்லர் கோழி ஏறக்குறைய ஆறு வாரக் குஞ்சு. அது அரை மணி நேரத்தில் வெந்துவிடும். நாட்டுக்கோழியோ ஓடித் திரிந்து வளர்ந்தது. அதன் தசைநார்களைச் சுற்றிலும் கொலாஜன் என்னும் புரதம் உறைபோல் படர்ந்திருக்கிறது. கயிற்றில் மூன்று புரி முறுக்கிக்கொண்டிருப்பதுபோல் கொலாஜனிலும் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்டிருக்கும். கோழிக்கு வயது ஏற ஏற அந்த இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் பெருகுகின்றன. நாம் பல்லால் கடித்து இழுக்கும் கடினம் அதுவே.

சூடு பட்டால் இறைச்சியில் இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. முதலாவது, தசைப் புரதங்கள் இறுகி நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. இது விரைவில் நடந்து முடிந்துவிடும். இரண்டாவது, கொலாஜன் முறுக்கவிழ்ந்து ஜெலாட்டினாக மாறுகிறது. இதற்கு நீரும் வேண்டும், நேரமும் வேண்டும். 70 டிகிரி செல்சியசிலும் இம்மாற்றம் நடக்கும். ஆனால் மெதுவாக நடக்கும். நல்ல நாட்டுக்கோழிக் குழம்பை உண்டு முடிக்கையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். அந்தப் பசை ஜெலாட்டின்.

வெப்பநிலை உயர்ந்தால் வேதிவினையின் வேகம் கூடும் என்பதைச் சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரீனியஸ் 1889-ஆம் ஆண்டில் ஒரு சமன்பாடாக அமைத்தார். அதை நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். அதே சமன்பாடு அடுப்படியில் இரண்டு வழிகளைக் காட்டுகிறது. சூட்டைக் கூட்டி நேரத்தைக் குறைக்கலாம். இது பிரஷர் குக்கரின் வழி. 1679-ஆம் ஆண்டில் டெனிஸ் பாப்பின் இலண்டனில் செய்து காட்டியது இதுதான். மூடிய கலத்தில் அழுத்தம் ஏறினால் நீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும். அல்லது, சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டலாம். இரண்டாம் வழியில் போவதற்குத் தீ எரிய வேண்டியதில்லை; ஏறிய சூடு இறங்காமல் இருந்தால் போதும்.

“அப்படியானால் குக்கர் வாங்கிக்கொள்ளலாமே” என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டிலும் குக்கர் உண்டு. ஆனால் விசில் எண்ணுவதற்கும் ஓர் ஆள் வேண்டும். மேலும், குக்கரில் வைத்த கோழியை ஆச்சி “வெந்திருக்கு, ஆனா சேரல” என்று தள்ளி வைத்துவிடுவார். கறிக்குள் காரமும் உப்பும் சேரவில்லை என்பது அவர் தீர்ப்பு.

முன்னே சென்றவர்கள்

இந்த யோசனை எனக்கு மட்டும் தோன்றியதன்று. நூலகத்திலும் கைப்பேசியிலும் தேடியபோது நீண்ட வரலாறு கிடைத்தது.

1867-ஆம் ஆண்டு பாரிசில் நடந்த உலகப் பொருட்காட்சியில் நார்வே நாட்டு யோகான் சோரென்சென் என்பவர் தாமே சமைக்கும் பெட்டி ஒன்றை வைத்திருந்தார். கொதிக்கும் பாத்திரத்தைச் சூடு கடத்தாத பொருள் பொதிந்த பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால் உணவு தானே வெந்துகொள்ளும். இரண்டு உலகப் போர்களின்போதும் எரிபொருள் தட்டுப்பாட்டால் ஐரோப்பியப் பெண்கள் இவ்வாறே வைக்கோல் பெட்டிகளில் சமைத்தனர். நம் நாட்டில் வங்காளத்து மருத்துவர் இந்துமாதவ் மல்லிக் 1910-ஆம் ஆண்டில் ‘இக்மிக் குக்கர்’ என்ற அடுக்குப் பாத்திரத்தை உருவாக்கினார். அடியில் சிறிது கரித்தணல், உருளைக்குள் நீர், அதற்குள் அடுக்கடுக்காய்ச் சோறு, பருப்பு, இறைச்சி. மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம்; திரும்பும்போது உணவு ஆயத்தமாயிருக்கும்.

இன்று மின்சாரத்தில் இயங்கும் ‘ஸ்லோ குக்கர்’ அமெரிக்காவில் இர்விங் நாக்சன் என்பவரின் கண்டுபிடிப்பு. வில்னா நகரத்தில், அதாவது இன்றைய லித்துவேனியாவின் தலைநகர் வில்னியசில், யூதக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை மாலையில் இறைச்சியும் பயறும் நிறைந்த சட்டியை ரொட்டிக் கடை அடுப்பில் கொண்டுபோய் வைப்பார்களாம். ஓய்வு நாளில் தீ மூட்டக்கூடாது என்பது அவர்கள் சமய விதி. அணையும் அடுப்பின் சூட்டில் சட்டி இரவெல்லாம் வெந்திருக்கும். குடும்பத்துப் பெரியவர்களிடம் கேட்ட இந்தச் செய்தியை நாக்சன் மின்கலமாக்கி 1940-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். ரைவல் நிறுவனம் அதை வாங்கி 1971-இல் ‘கிராக் பாட்’ என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் அதை விரும்பி வாங்கினர். தென்னாப்பிரிக்காவில் சாரா காலின்ஸ் என்பவர் 2008-இல் மின்சாரமும் வேண்டாத துணிப்பை ஒன்றை ‘வொண்டர்பேக்’ என்ற பெயரில் அமைத்தார். கொதித்த பாத்திரத்தை அதனுள் பொதிந்துவிட வேண்டியதுதான்.

இவற்றையெல்லாம் படித்தபோது என் மனம் எங்கள் வீட்டுக் கடகப்பெட்டியின்மேல் சென்றது. பனையோலையில் முடைந்தது, பெரியது, பயனின்றிப் பரணில் கிடந்தது. மாட்டுக்கு வாங்கிய வைக்கோலும் இருந்தது. இதைவிட வேறென்ன வேண்டும் என்று எண்ணினேன்.

நான் கெடுத்த கோழி

சென்ற ஆண்டு விடுமுறையில் மாமா வருவதாகச் சொல்லியிருந்தார். முட்டை நிறுத்திய கோழி ஒன்றே ஒன்று வீட்டில் இருந்தது. “நான் சமைக்கிறேன். இரவில் வைத்துவிட்டால் காலையில் ஆயத்தமாயிருக்கும்” என்று வீரமாகச் சொன்னேன். அம்மா தயங்கினார். அப்பாதான், “பய படிச்சிருக்கான்ல, செய்யட்டும்” என்றார்.

சிறிய மண்சட்டியில் குழம்பைக் கூட்டி, கொதி வந்ததும் இரவு ஒன்பது மணிக்கு வைக்கோலுக்குள் இறக்கினேன். பத்து மணிக்குப் பொறுக்க முடியாமல் திறந்து பார்த்தேன். ஆவி குபுகுபுவென்று வந்தது. மகிழ்ச்சியோடு மீண்டும் மூடினேன். காலை ஏழு மணிக்குத் திறந்தபோது சட்டி வெதுவெதுப்பாக இருந்தது. ஆச்சி குனிந்து முகர்ந்தார். “எய்யா, இது புளிச்சிட்டு. நாய்க்கும் போடாத” என்று மட்டும் சொன்னார். கொல்லையில் குழி தோண்டி நானே புதைத்தேன்.

மாமாவுக்கு அன்று பருப்புக் குழம்பு. அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். அப்பா ஒன்றும் பேசவில்லை. “ஏல, ஒரு கோழியும் போச்சு, எனக்கு ஒரு நாளும் போச்சு” என்றார் அம்மா. அதில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ‘படித்தவன் சொன்னான் என்று நம்பினோமே’ என்னும் வருத்தமே அதில் இருந்தது. முதல் தலைமுறையாகப் படிக்கும் மாணவர்களுக்கு இது புரியும். நாம் தவறு செய்தால் நம்மை மட்டும் பழிப்பதில்லை, படிப்பையே பழிப்பார்கள்.

ஏன் கெட்டது?

விடுமுறை முடிந்து கல்லூரிக்கு வந்ததும் வேதியியல் பேராசிரியர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “சட்டியில் எத்தனை லிட்டர் இருந்தது?” என்று கேட்டார். ஏறக்குறைய ஒரு லிட்டர் என்றேன். “அதுதான் முதல் தவறு. கணக்குப் போட்டுப் பார்” என்றார்.

போட்டுப் பார்த்தேன். பாத்திரத்தில் அடங்கும் சூடு அதன் கன அளவைப் பொறுத்தது. வெளியேறும் சூடோ அதன் மேற்பரப்பைப் பொறுத்தது. ஒரே வடிவமுள்ள பாத்திரத்தின் நீள அகல உயரங்களை இரண்டு மடங்காக்கினால் கன அளவு 8 மடங்காகும்; மேற்பரப்பு 4 மடங்கே ஆகும். ஆகவே பெரிய பாத்திரம் மெதுவாக ஆறும், சிறியது விரைவில் ஆறும். கல்யாண வீட்டு அண்டாவில் சோறு வெகுநேரம் சுடச்சுட இருப்பதும், கிண்ணத்துக் குழம்பு உடனே ஆறிப்போவதும் இதனாலேயே. என் சிறிய மண்சட்டி ஐந்தாறு மணி நேரத்துக்குள் 60 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இடையில் மூடியைத் திறந்ததால் ஆவியோடு மேலும் சூடு போயிற்று. மீதி இரவு முழுவதும் சட்டி 40, 50 டிகிரியில் இருந்திருக்கிறது.

இந்த இடந்தான் ஆபத்தானது. கொதிநீரில் பெரும்பாலான நுண்ணுயிர்கள் மடிந்துபோகும். ஆனால் சிலவற்றின் வித்துகள் மடிவதில்லை. ‘குளோஸ்ட்ரிடியம் பெர்பிரிஞ்சன்ஸ்’ என்பது அவற்றுள் ஒன்று. அதன் வித்துகள் கொதியையும் தாங்கிக் கிடக்கும்; 43 முதல் 45 டிகிரிவரை ஆறியதும் விழித்துக்கொள்ளும். உகந்த சூழலில் ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒருமுறை இருமடங்காகும். ஒன்று, ஆறு முறை இரட்டித்தால் 64. ஒரு மணி நேரத்தில் 64 மடங்கு என்றால் நான்கு மணி நேரத்தில் எவ்வளவு என்பதைக் கணித மாணவ நண்பர்கள் சொல்லட்டும்.

“மறுபடி கொதிக்க வைத்திருந்தால் சரியாகியிருக்குமே” என்று நினைத்தவன் நான். அதுவும் தவறு. சில நுண்ணுயிர்கள் உணவில் விட்டுச்செல்லும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. கெட்டுப்போன குழம்பைத் தீயால் திருத்த முடியாது. ஆச்சி புத்தகம் படித்தவரல்லர். ஆனால் ‘நாய்க்கும் போடாதே’ என்ற அவர் சொல் நூற்றுக்கு நூறு சரி.

நீரை வைத்து ஒரு சோதனை

இம்முறை கோழியைத் தொடுவதற்கு முன் நீரைச் சோதித்தேன். குழம்பின் அளவைக் கூட்ட எங்கள் சிறு குடும்பத்தில் வழியில்லை. அப்போது இக்மிக் குக்கரின் உருளையில் இருந்த நீர் நினைவுக்கு வந்தது. சட்டி சிறியதானால் என்ன, அதைக் கொதிநீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைத்துவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய பாத்திரம்போல் ஆகிவிடுமே!

இரண்டு லிட்டர் நீர் உள்ள எவர்சில்வர் பாத்திரத்தை, இரண்டரை லிட்டர் கொதிநீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் இறக்கினேன். இரண்டையும் மூடி, கடகப்பெட்டியில் அடியிலும் சுற்றிலும் ஒரு சாண் கனத்துக்கு வைக்கோலை இறுக்கி, மேலே வைக்கோல் திணித்த பழைய தலையணையை அழுத்தி வைத்தேன். வைக்கோல் தானே சூட்டைக் காப்பதில்லை. அதன் துளைகளிலும் இடுக்குகளிலும் அசையாமல் நிற்கும் காற்றுதான் காக்கிறது. ஆகையால் வைக்கோல் காய்ந்திருக்க வேண்டும். ஈர வைக்கோல் சூட்டைக் கடத்திவிடும்.

வைக்கும்போது வெப்பமானி 96 டிகிரி காட்டியது. பாத்திரத்தைத் திறந்து திறந்து பார்த்தால் சோதனை கெடும். ஆகவே ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு முறை மட்டும் திறப்பது என்று வைத்துக்கொண்டேன். முதல் நாள் இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தேன், 84 டிகிரி. மறுநாள் நான்கு மணி நேரம், 74. மூன்றாம் நாள் ஆறு மணி நேரம், 66. நியூட்டனின் குளிர்தல் விதியைப் பள்ளியில் படித்தபோது அது எதற்கு என்று தெரியவில்லை. இந்த மூன்று எண்களும் அவ்விதியின் வளைகோட்டில் போய் அமர்ந்தபோது தெரிந்தது. ஆறு மணி நேரம்வரை ஆபத்து எல்லைக்கு மேலேயே இருக்கிறோம். இரவெல்லாம் வைக்கக்கூடாது, பகலில் ஐந்து மணி நேரம் வைக்கலாம்.

எண்களை அம்மாவிடம் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். “இன்னொரு கோழி கேக்கியா?” என்றார். “ஆமாம்மா” என்றேன். கொஞ்ச நேரம் பீடியைச் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, “ஞாயித்துக்கிழமை பிடிச்சுக்கோ” என்றார்.

குழம்பும் அதன் வேதியியலும்

செய்முறையை ஆச்சி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அதையே இங்குத் தருகிறேன். காரணங்களை மட்டும் நான் சேர்த்திருக்கிறேன்.

ஒன்றேகால் கிலோ எடையுள்ள நாட்டுக்கோழிக்கு மல்லி மூன்று மேசைக்கரண்டி, மிளகு இரண்டு தேக்கரண்டி, சீரகம் ஒன்று, சோம்பு அரை, மிளகாய் வற்றல் ஆறு, பட்டை ஒரு விரல் நீளம், கிராம்பு நான்கு, ஏலம் இரண்டு. இவற்றை வெறுஞ்சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்து அம்மியில் அரைக்க வேண்டும். கூடவே சின்ன வெங்காயம் கால் கிலோ, வெள்ளைப்பூடு ஒன்று, இஞ்சி ஒரு துண்டு, மஞ்சள், உப்பு, நல்லெண்ணெய். தேங்காய் கடைசியில்தான்.

முதலில் எண்ணெயில் வெங்காயமும் கறியும் சிவக்க வதக்க வேண்டும். இதைத் தவறவிடக்கூடாது. இறைச்சியின் புரதமும் சர்க்கரையும் உயர்ந்த சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறமும் வறுத்த மணமும் தருவதைப் பிரெஞ்சு அறிஞர் மெய்யார் 1912-ஆம் ஆண்டில் விளக்கினார். 140 டிகிரிக்கு மேல்தான் அது விரைந்து நடக்கும். தண்ணீர் ஊற்றிய பிறகு குழம்பு 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே வதக்காமல் பெட்டிக்குள் வைத்த கோழி வேகும், ஆனால் வெளிறிக் கிடக்கும்.

எண்ணெய்க்கு இன்னொரு பணியும் உண்டு. மஞ்சளின் நிறமான குர்க்குமின், மிளகாயின் காரமான காப்சைசின், மிளகின் காரமான பைப்பரின் ஆகிய மூன்றும் நீரில் எளிதில் கரையா, எண்ணெயில் கரையும். பைப்பரினை 1819-ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தவர் மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவைக் கண்ட டென்மார்க்கு அறிஞர் எர்ஸ்டெட் என்பதை அறிந்தபோது வியந்தேன். காரம் நாக்கில் சூடாகத் தெரிவதும் வெறும் மனப்பிரமையன்று. நம் நரம்பு முனையில் உள்ள ஒரு புரதவாயில் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டுக்குத் திறப்பது. காப்சைசின் பட்டாலும் அதே வாயில் திறக்கிறது. 1997-இல் இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மிளகாய் போர்ச்சுகீசியர் வழியாக நம் நாட்டுக்கு வருமுன் நம் முன்னோர் இந்தச் சூட்டை மிளகிலிருந்தே பெற்றனர்.

வதக்கிய பின் கறி மூழ்கும் அளவே வெந்நீர் ஊற்ற வேண்டும். பெட்டிக்குள் நீர் வற்றாது என்பதால் வழக்கமான அளவில் பாதி போதும். பிறகு 20 நிமிடம் தளதளவென்று கொதிக்க விட வேண்டும். எலும்பை ஒட்டிய கறியும் முழுச் சூட்டை அடைய இந்த நேரம் தேவை. கோழி இறைச்சியின் உட்பகுதி 74 டிகிரியை அடைந்தாக வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. இதே பெட்டியில் சிவப்பு ராஜ்மா சமைக்க விரும்பும் விடுதி நண்பர்களுக்கு ஒரு சொல்: ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது 10 நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்த பிறகே பெட்டிக்குள் வையுங்கள். அதிலுள்ள நச்சுப் புரதம் மெல்லிய சூட்டில் அழியாது.

கொதித்த குழம்பை மூடி, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி, வைக்கோலுக்குள் புதைத்தேன். அப்போது காலை மணி பத்து.

அந்த ஞாயிற்றுக்கிழமை

அம்மா திண்ணையில் அமர்ந்தார். பழக்கத்தினால் இருமுறை எழுந்து கொல்லைப் பக்கம் பார்த்தார். அடுப்பு அணைந்து கிடந்தது. “மணமே வரலியே, வேகுதா என்ன?” என்று கேட்டார். அக்கம்பக்கத்தார் யாருக்கும் எங்கள் வீட்டில் கோழி என்று தெரியவில்லை.

இதற்கும் ஆய்வுக்கூடத்தில் விடையுண்டு. கிராம்பின் யூஜினால், பட்டையின் சின்னமால்டிஹைடு, ஏலத்தின் சினியோல் ஆகியவை ஆவியாகும் எண்ணெய்கள். திறந்த சட்டியில் அவை நீராவியோடு சேர்ந்து வெளியேறுகின்றன. நீராவி வாலை வடித்தல் என்று நாம் செய்வது அதையே. தெருவெல்லாம் மணக்கிறது என்றால் அவ்வளவு மணமும் சட்டியை விட்டுப் போய்விட்டது என்று பொருள். மூடிய பாத்திரத்தில் ஆவி மூடியில் குளிர்ந்து மீண்டும் குழம்பில் சொட்டுகிறது. இது நம் ஆய்வுக்கூடத்துப் பின்னோட்டக் குளிர்விப்பானின் வேலை.

மூன்று மணிக்குத் திறந்தேன். வெப்பமானி 70 டிகிரி காட்டியது. அதை அப்படியே அடுப்பிலேற்றி, அரைத்த தேங்காயைச் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்க வைத்தேன். அம்மா கரண்டியால் ஒரு துண்டை எடுத்து அழுத்தினார். எலும்பிலிருந்து கறி நழுவி விழுந்தது. முதல் வாயை ஆச்சிக்குக் கொடுத்தோம். அவருக்குப் பற்கள் குறைவு. மென்று முடித்துவிட்டு, “சேந்திருக்குய்யா” என்றார். அப்பா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார். அதுவே அவர் பாராட்டு.

அன்று விறகு எரிந்தது முக்கால் மணி நேரம் மட்டுமே. விளக்கு வைக்குமுன் அம்மா ஆயிரம் பீடியையும் சுற்றி முடித்துக் கட்டு கட்டி வைத்திருந்தார். கோழி அடித்த நாளில் அவர் ஆயிரத்தை முடித்ததை நான் பார்த்தது அதுவே முதல் முறை. அதன் பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அவ்வாறு அவர் உட்கார்ந்திருந்ததையும் நான் அதிகம் கண்டதில்லை.

முடிவுரை

இக்கட்டுரையைப் படிக்கும் நண்பர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை சிலவே. நன்றாகக் கொதித்த பிறகே பெட்டிக்குள் வைக்க வேண்டும். அளவு சிறிதானால் சுற்றிலும் கொதிநீர் வேண்டும். இடையில் திறக்கக்கூடாது. ஐந்து மணி நேரத்துக்குள் எடுத்து, மீண்டும் கொதிக்க வைத்து, உடனே உண்ண வேண்டும். எடுக்கும்போது 60 டிகிரிக்குக் கீழே இறங்கியிருந்தால், எவ்வளவு நல்ல மணம் வீசினாலும் உண்ணக்கூடாது.

எங்கள் பேராசிரியர் என் வெப்பநிலைக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, கெட்டுப்போன முதல் சோதனையையும் குறிப்பேட்டில் சேர்த்து எழுதச் சொன்னார். எழுதியிருக்கிறேன். கடகப்பெட்டி இப்போது பரணில் இல்லை; அடுப்படியில் இருக்கிறது. வைக்கோலை மாதம் ஒருமுறை வெயிலில் காயப்போடுவது என் பொறுப்பு. சென்ற வாரம் வீட்டுக்குப் போனபோது அம்மா என்னைக் கேட்காமலே அதில் கொண்டைக்கடலை வைத்திருந்தார். மூடியைத் திறக்கப் போனேன். “ஏல, தொறக்காத, சூடு போயிரும்” என்றார்.